கப்பலேறும் தலையணை

அடுத்த வாரம் வேலைக்காக பிரான்ஸ் போகிறேன். விமானத்தில் என்னோடு கொண்டுபோக முடியாத சாமான்களை அனுப்ப, இன்று அப்பாவுடன் வில்லியனூர் பார்சல் கடைக்குப் போனேன். கப்பலில் அனுப்புவதுதான் மலிவு என்றார்கள்.

அப்பா பெருமையாக ஒரு பெரிய பெட்டியை இறக்கினார். உள்ளே என்னுடைய இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகள். தலையணை மாறினால் எனக்குத் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியும்.

"வெயிட்டே இல்லம்மா, சும்மா போயிடும்" என்றார்.

கடைக்கார அக்கா டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தார். "கப்பல்ல எடை பாக்க மாட்டாங்கய்யா. பெட்டி எவ்ளோ இடம் அடைக்குதோ அதுக்குத்தான் காசு."

"இன்னாம்மா இது? ஆலையில கரும்புக்கே எடை போட்டுத்தான் காசு குடுக்கறான்!" அப்பா சண்டைக்கே போய்விட்டார்.

பிறகு என்ன நினைத்தாரோ, வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தார். தலையணைகளை வெளியே இழுத்துப் போட்டு, முழங்காலை ஊன்றி, வைக்கோல் கட்டுவது போல இறுக்கிக் கட்டினார். இரண்டும் சேர்ந்து சுருட்டிய பாய் அளவுக்கு வந்துவிட்டன. அக்கா சிரித்துக்கொண்டே சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, பாதிக் காசுக்கு ரசீது போட்டார்.

"அங்க போயி நிம்மதியா தூங்குடி" என்றார் அப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

கப்பல் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகுமாம். அது அவர் காதில் விழவில்லை.

பிரான்சில் இருக்கும் நண்பர்களே, அதுவரைக்கும் யாராவது ஒரு தலையணை கடன் கொடுங்கள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெட்டியைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பிவிடுவார்.