வாசலில் மருந்துத் தண்ணீர்

என் கோழிக்கொட்டாய்க்குள் யாரையும் சும்மா விடமாட்டேன். ராசிபுரத்துப் பங்காளியே வந்தாலும் வாசல் தொட்டியிலுள்ள மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும். எவன் என்ன நோயைச் சுமந்து வருகிறானோ, யார் கண்டது.

மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம் என்றார்கள். அதற்குப் பழக்கிய நர்ஸையும் நான் நம்பவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், பழகுவதற்கென்று குழாய் தைத்த துணியை மேசையில் விரித்து ஒரே பாடம். மின்விசிறியை நிறுத்து, மாஸ்க் போடு, சோப்புப் போட்டுக் கைகழுவு, பிறகுதான் குழாய் மூடியைத் தொடு. வயிற்றுக்குள் ஏற்றுகிற மருந்து நீர்ப் பை விற்கிற கம்பெனியின் ஆளாக இருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"கோழியப் பாக்கவே கால நனைச்சுட்டுப் போற ஆளுங்க சிஸ்டர் நாங்க. எங்களுக்கா சொல்லித் தரீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கழுவச் சொன்னார்.

மூன்றாம் மாதம் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கலங்கி வந்தது. மனைவி வலியில் சுருண்டுகொண்டாள். கெட்ட பையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டே, சாட்சிக்குக் கலங்கல் நீர் வடிந்த பையையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு ஓடினேன்.

நர்ஸ் பையைச் செய்தித்தாள்மேல் வைத்தார். கலங்கலுக்கு அடியில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. உள்ளே கிருமி போய்விட்டது, அடங்காவிட்டால் குழாயை எடுக்க வேண்டும், பிறகு வாரம் மூன்று நாள் சேலத்தில் மெஷின்தான் என்றார். வீட்டில் செய்வதைச் செய்துகாட்டச் சொன்னார். பிசகில்லாமல் செய்தேன்.

"ஊட்லயும் இப்படித்தானுங்களா?"

"ஆமாங்க."

கட்டிலில் கிடந்த மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இல்லைங்க சிஸ்டர். நாலு நாளைக்கு முன்னாடி கொட்டாயிலருந்து நேரா வந்து, துண்டுல கையத் தொடச்சுட்டு மூடியத் தொறந்தாரு."

"அப்பவே ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா எம்மேலதான பாய்வீங்க."

நர்ஸ் என்னைப் பார்க்காமல் மருந்து ஏற்றப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குழாய் தப்பியது. இப்போது மனைவியின் அறைவாசலில் வாளியும் சோப்பும் இருக்கின்றன. கழுவிவிட்டுப் போனால், கையைப் பிடித்து மோந்து பார்க்கிறாள்.

"கழுவிட்டன் சாமி."

"இன்னொருக்கா கழுவிட்டு வாங்க."

நான் வாசலுக்குத் திரும்புகிறேன்.