எட்டுத் துண்டு

ஷார்ஜாவில் இருபத்தாறு வருடம் பீட்சா சுட்ட சதக், கீழக்கரைக்குத் திரும்பிய பிறகு அடுப்படிப் பக்கமே போகவில்லை. இன்று பேக்கரியில் நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பார்த்ததும் கை பரபரத்தது. வீட்டில் அதைப் பிளந்து, சாஸ் தடவி, சீஸ் தூவி ஏர் ஃபிரையரைத் திறந்தால், ரொட்டி உள்ளே நுழையவில்லை.

"இதெல்லாம் ஒரு அடுப்பா?" என்று சீறிக்கொண்டே துண்டு போட்டுச் சுட்டு எடுத்தார்.

மனைவி ஜுலைகா தட்டைப் பார்த்தாள். "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க எட்டுத் துண்டு?"

அப்போதுதான் அவரும் எண்ணிப் பார்த்தார். ஷார்ஜாவில் அவர் தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைதோறும் இதே ரொட்டிப் பீட்சாவை ஒரே சஹன் தட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். "என்ன இருந்தாலும் வீட்டுல உக்காந்து திங்கிற மாதிரி வருமா?" என்று யாராவது அலுத்துக்கொள்வார்கள்.

அதிகம் அலுத்துக்கொண்டவர் சதக்தான்.