மருந்து கலக்காத ரத்தம்

குழல்வாய்மொழி தென்காசியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய நாள் 2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. பொதிகை எக்ஸ்பிரஸுக்காக நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்கள். இவள் கையில் டேப் சுற்றிய தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா நாறும்பூநாதன், ஓய்வுபெற்ற ஏட்டு, அதை வாங்கிச் சுமக்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

வண்டி ஏறியதும் எதிர் இருக்கைக்காரர் கேட்டார். "என்னம்மா, செங்கோட்டையில மீன் வாங்குனியளோ?"

"இல்ல அண்ணாச்சி, ரத்தம்."

அவர் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டார். பிளாட்பாரத்திலிருந்து நாறும்பூநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, எல்லார்ட்டயும் இப்படிச் சொல்லாத. போலீஸ்ல சொல்லிருவாவ" என்றார்.

"அதான் போலீஸே வழியனுப்ப வந்திருக்கே" என்றாள் அவள்.

பெட்டிக்குள் பன்னிரண்டு பேருடைய ரத்தம் இருந்தது. பன்னிரண்டு பேரும் தென்காசி வட்டாரத்துக்காரர்கள். எல்லோருக்கும் ரத்தப் புற்றுநோயில் ஒரே வகை. தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் பல வருஷம் வேலை வெட்டி பார்த்து வாழக்கூடிய வகை அது.

குழலி என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். அவளும் நானும் குற்றாலத்தில் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதன் பிறகு நான் ஆறு வருஷம் ஊர் ஊராகத் திரிந்தேன். அவள் சென்னையில் ஒரே ஆய்வகத்தில் இருந்தாள். ஏன் இந்த நோயை எடுத்தாய் என்று கேட்டால், நெஞ்சைத் தொடும் காரணம் எதுவும் சொல்ல மாட்டாள். அவள் விண்ணப்பித்த வருஷம் அந்த ஆய்வகத்தில்தான் இடம் இருந்தது. போய்ச் சேர்ந்தாள், பிடித்துப்போயிற்று.

அவள் வேலையை எனக்கு மோட்டாரை வைத்து விளக்கினாள். நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்கும் 'பெருகு' என்றும் 'போதும்' என்றும் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. இந்த நோயில், 'பெருகு' என்று சொல்லும் சுவிட்ச் ஆன் ஆனபடியே ஒட்டிக்கொள்கிறது. தொட்டி நிறைந்து வழிந்தாலும் மோட்டார் நிற்பதில்லை. மாத்திரை போய் அந்தச் சுவிட்ச்சை அமுக்கி அணைக்கிறது. உண்மையிலேயே அமுங்கியிருக்கிறதா என்று உயிரணுவுக்குள் போய்ப் பார்ப்பதுதான் குழலியின் ஆராய்ச்சி. ரத்தம் எடுத்த அரை மணி நேரத்துக்குள் ஒரு திரவத்தைச் சேர்த்து அந்தச் செய்தியை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். தாமதித்தால் அது மாறிவிடும். அதற்காகத் தென்காசியில் தெரிந்தவர் ஒருவரின் லேப்பில், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே மேஜை போட்டு நின்றபடியே வேலை செய்தாள்.

அக்டோபரில் முடிவு வந்தது. ஏழு பேருக்குச் சுவிட்ச் அமுங்கியிருந்தது. ஐந்து பேருக்கு அமுங்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பேருக்கும் நோய் கூடவில்லை. இதே சோதனை செய்த சென்னை நோயாளிகள் ஒருவரிடமும் இப்படி இல்லை. மாத்திரையை ஏமாற்றிச் செய்தி வேறு வழியில் போகிறது, யாரும் இதுவரை பார்க்காத வழி என்று குழலி நினைத்தாள். அவளுடைய பேராசிரியரும் அப்படித்தான் நினைத்தார். மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இது ஒன்று போதும், நீட்டிவிடுவார்கள்.

சிகிச்சை பார்த்த மருத்துவர் வேறொன்றை யோசித்தார். நோய் கூடுவதற்கு முன்பே அந்த ஐந்து பேரையும் இன்னொரு மருந்துக்கு மாற்றிவிடலாம் என்றார். அது கடுமையான மருந்து. சிலருக்கு நெஞ்சில் நீர் கோக்கும், இதயத்தையும் தொந்தரவு செய்யும். டிசம்பரில் தொடங்கலாம், அதற்குள் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடு என்று குழலியிடம் சொன்னார்.

அப்படித்தான் நவம்பரில் மறுபடி வந்தாள். அப்போதுதான் நானும் ஊர் திரும்பியிருந்தேன். ஐந்து பேரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். முதல் வீடு செங்கோட்டையில் மசூது வீடு. சவூதியில் தம்மாமில் பதினான்கு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், நோய் தெரிந்ததும் திரும்பி வந்து ஊரிலேயே பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறார். மறுநாள் காலை அவர் ரத்தம் கொடுக்க வேண்டும்.

மனைவி ஜன்னத் டீயும் ஒரு தட்டு நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்தார். "நீங்களாவது சாப்பிடுங்க. இவுஹ பண்ணுத கூத்தைக் கேட்டியளா?"

"ஏய், சும்மா இரு" என்றார் மசூது.

"என்னத்தச் சும்மா இருக்க? மூணு நாளா மாத்திரையையும் தண்ணியையும் கொண்டுபோயி நீட்டுதேன். தொட மாட்டேங்காஹ. டாக்டரம்மாவுக்குச் சுத்தமா ரத்தம் குடுக்கணுமாம்."

குழலி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "மூணு நாளாவா? ஏன் அண்ணாச்சி?"

மசூதுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "சுகர் டெஸ்ட்டுக்குப் போனா என்ன சொல்லுதாவ? வெறும் வயித்துல வாங்க, மாத்திரை போடாம வாங்கன்னுதான? அது ஒரு துளி ரத்தம். நீங்க மெட்ராஸுல இருந்து இதுக்குன்னே வாரிய. உங்களுக்குப் போயி மருந்து கலந்த ரத்தத்தைக் குடுக்கலாமா? மூணு நாளு விட்டா நல்லா வடிஞ்சிரும்."

"போன தடவையும் விட்டியளோ?"

"பின்ன?"

"தினமும் மாத்திரை போடுதீயளான்னு நான் கேட்டேனே. ஆமான்னு எழுதியிருக்கேன்."

"தினமும் போடத்தான் செய்யுதேன். ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு நாளு மட்டும்தான் இல்ல. அத நீங்க கேக்கலயே."

"யாரு சொன்னா இப்படி விடச் சொல்லி?"

"யாரும் சொல்லல. சுந்தரபாண்டியபுரம் லோகநாயகி அக்காதான் எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஞாபகப்படுத்துவாவ. நாங்க அஞ்சு பேருதான் அதுல இருக்கோம்."

குழலி அந்த அஞ்சு பேர் யார் யார் என்று கேட்கவே இல்லை. சுவிட்ச் அமுங்காத ஐந்து பேரின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மசூதுக்கு ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது. "தப்பாயிட்டோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்க மேல தப்பில்ல அண்ணாச்சி. கேக்க வேண்டியத நான் கேக்கல" என்றாள். பிறகு ஜன்னத்திடம், "அக்கா, அந்த மாத்திரையை எடுத்துட்டு வாங்க" என்றாள். மசூது சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடும்வரை நாங்கள் இருந்தோம். ஜன்னத்துக்கு வெற்றி. "நான் சொன்னா கேக்கல. படிச்சவுஹ சொன்னா மட்டும் வாயத் தொறக்காஹ" என்றார்.

இலஞ்சி தாண்டியதும் குழலி என் தோளைத் தட்டினாள். வயலோரமாக நிறுத்தச் சொன்னாள். முதலில் மருத்துவருக்குப் போன் செய்து, யாருக்கும் மருந்தை மாற்ற வேண்டாம் என்றாள். அடுத்தது லோகநாயகி, குரூப்பில் எல்லோரும் உடனே மாத்திரை போட வேண்டும் என்று. அதற்கும் பிறகுதான் பேராசிரியர். ஐந்தில் ஒன்றிரண்டாவது உண்மையாக இருக்கலாமே என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "இருக்கலாம் சார், பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். சென்னைக்காரரிடம் அவள் ஊர்ப் பேச்சில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ரத்தம் எடுப்பதைப் பத்து நாள் தள்ளிவைத்தாள். தினமும் காலையில் ஐந்து பேருக்கும் போன் செய்து மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். பிறகு எடுத்த ரத்தத்தில் ஐந்து பேருக்கும் சுவிட்ச் அமுங்கியிருந்தது. மூன்று நாள் மாத்திரை இல்லாததுதான் காரணம், புது வழி என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். மார்ச்சில் ஒப்பந்தமும் முடிந்தது, நீட்டவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அப்படிச் சொன்னதில்லை. பெட்டி படுக்கையோடு மேலகரத்தில் அப்பா வீட்டுக்கு வந்தபோது நாறும்பூநாதன் ஒன்றுதான் கேட்டார். "அந்த அஞ்சு பேருக்கும் ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லப்பா."

"அப்ப கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்தச் சமயம் நானும் வேறெங்கும் போகவில்லை. அவள் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒருநாள் ஐந்தருவிப் பக்கம் நடந்துபோகும்போது கேட்டும் பார்த்தேன். "ஒருத்தர் தன் உசுரக் காக்கற மருந்த நிறுத்திட்டு எனக்கு நல்ல ரத்தம் குடுத்திருக்காரு. அவரு மேல எப்படிட்டி கோபப்பட?" என்றாள். "ஜன்னத் அக்கா மட்டும் அன்னைக்கு வாய் திறக்கலன்னா, நான் அஞ்சு பேரு நெஞ்சுல தண்ணி கோக்க வச்சிருப்பேன்."

அந்த மாதங்களில் இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். எங்கே தவறினோம், எப்படித் தெரிந்தது, இனி ரத்தம் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்ன: கடைசியாக மாத்திரை போட்டது எந்த நாள், எத்தனை மணிக்கு? கடைசி வரியில் ஜன்னத்துக்கு நன்றி சொல்லியிருந்தாள். சிறிய பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. எனக்குத் தெரிந்து அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு திருவனந்தபுரத்தில் வேறு வேலை கிடைத்தது. இதே நோய், இதே சுவிட்ச். சனிக்கிழமைகளில் ஊருக்கு வருகிறாள். வரும்போது சில சமயம் செங்கோட்டையில் இறங்கி ஜன்னத் வீட்டில் டீ குடித்துவிட்டு வருகிறாள்.

2025 ஏப்ரலில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வடகிழக்கு இந்தியாவில், மலையூர் ஒன்றிலுள்ள மருத்துவமனையிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அவள் எனக்கு அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்:

"உங்கள் கேள்வியை எங்கள் நோயாளிகளிடம் கேட்டோம். பத்தொன்பது பேரில் ஆறு பேர் ரத்தம் கொடுக்கும் முன் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு மருந்தை மாற்றுவதாக இருந்தோம். மாற்றவில்லை. ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஜன்னத் எந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பில் போடவில்லை. அவருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்."