தேடி வர வேண்டாம் என்று எழுதிய அண்ணன்

"கலியாணம், அடக்கம், வீட்டு ஜெபம் எதுவானாலும் இனிமேல் புதிய போதகரையே அழையுங்கள். என்னைத் தேடி வர வேண்டாம். உங்கள் ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்."

ஸ்ரீராம்புரம் தமிழ்ச் சபையின் அறிவிப்புப் பலகையில், அதன் ஓய்வுபெற்ற போதகரான என் அண்ணன் ஒட்டிய சீட்டின் நகல் இது. அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை என்று தேதியிட்டிருக்கிறார். அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில், நினைவு மலருக்காக அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் இந்தச் சீட்டுத்தான் முதலில் கண்ணில் படுகிறது.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பிறந்த நாளும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு நாளும் இருக்கின்றன. அம்மா நினைவில் வைத்திருந்தது முதலாவது என்பதால் அதையே இம்மலரின் அட்டையில் போட்டிருக்கிறோம்.

அப்பாவுக்குச் சுரங்கத் தூசியால் மூச்சு இளைக்கத் தொடங்கியதும் அண்ணன் படிப்பை நிறுத்தினார். மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நகரத்தின் அடுகோடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குத் தினமும் வந்து போனார். தம்பி தங்கைகளான எங்களை எல்லாம் கரையேற்றிய பிறகுதான் இறையியல் படிக்கப் போனார். படித்து முடித்து, ஸ்ரீராம்புரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். அண்ணன் அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. சபைதான் வீடு நிறைய இருந்தது.

அவர் பெரிய பிரசங்கியார் அல்லர். குரல் சன்னமானது. ஆனால் ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டுக்குப் போகாது. வீட்டு ஜெபத்துக்குப் போன இடத்தில் ஒருமுறை நானும் இருந்தேன். வீட்டுக்கார அம்மாள் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"எதிர் வீட்ல ரொம்ப நேரம் ஒக்காந்துனு இருந்தீங்களே பாஸ்டர். என்னாவாம் அவங்களுக்கு?"

"டீ நல்லா கீதுன்னேன். சந்தோஷம்னாங்க."

"அதுக்கா அம்மாம் நேரம்?"

"ரெண்டு டீ குடிச்சேன்மா."

அந்த அம்மாள் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தன் வீட்டுக் கதையும் இப்படித்தான் பத்திரமாக இருக்கும் என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். பிற்பாடு தன் மகனைப் பற்றிய பெரிய துக்கத்தை அவர் அண்ணனிடம் மட்டுமே சொன்னார் என்று கேள்வி. என்ன துக்கம் என்பதை அண்ணன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஊரார் துக்கமெல்லாம் அண்ணனிடம் வந்தது. அண்ணனுடையது யாரிடம் போயிற்று என்று நாங்கள் யோசிக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் அடுகோடியில் சின்ன வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். சபைக்கு ஓர் இளம் போதகர் வந்தார். சபையாரோ பஸ் ஏறி அண்ணனிடமே வந்துகொண்டிருந்தார்கள். மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த ஸ்டெல்லா அம்மாள் ஒருநாள் வந்து அழுதார்.

"நீங்கதான் பாஸ்டர் தாலி எடுத்துக் குடுக்கணும். அந்தத் தம்பி இன்னும் சின்னப் புள்ளையா கீறாரு."

"அவரு எப்பதான் பெரியவராவறது ஸ்டெல்லாம்மா? நான் செத்தப்புறமா?"

"அய்யோ, என்னா பேச்சு இது! செரி, சும்மா வந்து சாப்ட்டாவது போங்க."

"நான் வந்து ஒக்காந்தா எல்லாரும் என் மூஞ்சியதான் பாப்பாங்க. அவரு யாரு மூஞ்சிய பாத்து ஜெபம் பண்ணுவாரு?"

கலியாணத்துக்கு அண்ணன் போகவில்லை. மத்தியானம் டிபன் கேரியரில் பிரியாணி வந்தது. கொண்டு வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்குக் கோபம் என்று ஒரு பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சீட்டு.

அண்ணன் சொன்ன வேறெதையும் சபையார் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. ஒருவரும் வரவில்லை. முழங்கால் வலியால் அண்ணி வெளியே போவதை நிறுத்தியிருந்தார். அண்ணன் மட்டும் ஞாயிறுதோறும் பக்கத்திலிருந்த கன்னடச் சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். அங்கே ஒருவர், "நீவு ஹொஸபரா?" என்று கேட்டாராம். புதியவரா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டியதாக அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அண்ணி சிரிக்கவில்லை.

நான் குடியிருக்கும் அத்திபெலேயிலிருந்து அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வாசற்கதவு திறந்தே இருக்கும். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடக்கும். ஒருநாள் கேட்டேன்:

"ஏண்ணா, ஒரு சீட்டு ஒட்டுனா நெஜமாவே யாரும் வரமாட்டாங்களா?"

"நான் வளத்த ஜனம்டா. சொன்னா கேப்பாங்க."

எழுந்து, ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "கொஞ்சம் கம்மியா வளத்திருக்கலாம்."

தன் தனிமையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். சீட்டை எடுத்துவிடலாமே என்றேன். அந்தத் தம்பி வேர் பிடிக்கட்டும் என்றார்.

வேர் பிடித்தது. கடைசி நோயில் புதிய போதகர் வந்தபோது, அண்ணன் அவரைப் பாஸ்டர் என்று அழைத்துத் தனக்காக ஜெபிக்கச் சொன்னார். அடக்க நாளில் ஸ்ரீராம்புரமே அடுகோடிக்கு வந்திருந்தது. சுவரோர நாற்காலிகள் போதவில்லை. கன்னடச் சபையார் பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டார்கள். ஸ்டெல்லா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரே வராதீங்கன்னு எழுதிட்டாரே சார், எப்படி வர்றது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அண்ணனைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், இரவும் பகலும் உதவிய பக்கத்து வீட்டாருக்கும், புதிய போதகருக்கும், புதியவராக வந்தவருக்கு இடம் கொடுத்த கன்னடச் சபையாருக்கும், கடைசியிலாவது வந்து சேர்ந்த உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

ஒரு செய்தி மட்டும் மீதியிருக்கிறது. இம்மலருக்குப் படம் எடுக்க ஸ்ரீராம்புரம் போயிருந்தேன். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு சபைக்கு எதிரே கடை போட்ட டீக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ஆனா ஒரு பெரியவரு வருவாரு சார், மஃப்ளர் சுத்திக்கினு. டீய கையிலயே வெச்சிருப்பாரு, ஆறிப்பூடும். உள்ள கடைசிப் பாட்டு முடிஞ்சா கெளம்பிடுவாரு. இப்ப ரொம்ப நாளா காணோம்."

அண்ணன் படத்தைக் காட்டினேன். "இருக்கலாம் சார். மஃப்ளர் கட்டியிருப்பாரே, எப்படிச் சொல்றது?" என்றார்.

கன்னட ஆராதனை தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்புவார் என்று அண்ணி சொல்கிறார். அதிகாலை பஸ்ஸில் ஸ்ரீராம்புரம் போய், அங்கே காலை முதல் ஆராதனை முடியும்வரை இருந்து, கன்னட ஆராதனைக்குத் திரும்பிவிட முடியுமா என்று நானே ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். முடிகிறது. முடிகிறது என்பதாலேயே நடந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மஃப்ளர் கட்டிய அந்தப் பெரியவர் அண்ணன்தானா என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதியாகவில்லை.