ஏரியில் நனைந்த அறுநூறு அட்டைகள்

கணக்கும் கம்ப்யூட்டரும் பிழைப்பாகிவிட்டால், வேலை செய்வதைவிட அது என்ன வேலை என்று வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். சொந்தக்காரர்கள் முன்னால் முழி பிதுங்கி நின்ற சகாக்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

நீ இன்னாத்துக்கு?

எழுபத்து மூன்றில் மெட்ராஸில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். மகள் கணக்கில் டாக்டராகப் போகிறாள் என்று நைனா எங்கள் ஊர் தோணிரேவு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவரோடு ஒரே படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் மாணிக்கம் மாமா, கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கேட்டார். நூறு பேர் நாள் முழுக்கப் போடும் கணக்கை ஒரு நொடியில் போடும் மிஷின் என்றேன். மாமா பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"மிஷினே கணக்கு போட்டுதுன்னா, நீ இன்னாத்துக்கும்மா அங்க?"

அண்ணி பிரித்த ரகம்

அப்போதெல்லாம் புரோகிராமை அட்டையில் ஓட்டை போட்டு எழுதுவோம். அட்டைக்கு ஒரு வரி. என் ஆராய்ச்சி மொத்தமும் அறுநூறு அட்டைகளாக ஒரு பெட்டியில் இருந்தது. இரண்டு மாதமாக விடை தப்பாகவே வந்தது. தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. லீவில் தேடலாம் என்று ஊருக்கு எடுத்து வந்தேன். பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி நைனாவின் படகில் ஏறும்போது கால் வழுக்கியது. நான் தப்பித்தேன். பெட்டி ஏரிக்குள் போனது.

நனைந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு வீடு வந்து முடங்கிவிட்டேன். அடுத்த புதன்கிழமை எனக்கு மிஷின் நேரம் ஒதுக்கியிருந்தது. அதை விட்டால் ஆராய்ச்சியே போச்சு. மறுநாள் பார்த்தால், அண்ணி அத்தனையையும் இறால் காயவைக்கும் பாயில் உலர்த்தி, ரகம் பிரித்து அடுக்கியிருந்தார். ஓட்டை அதிகமுள்ளவை ஒரு பக்கம், குறைவானவை ஒரு பக்கம்.

அழக்கூட நேரமில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, தலையில் அச்சாகியிருந்த வரியைப் படித்து வரிசைப்படுத்தினேன். மூன்றாம் நாள், கழித்தல் இருக்கவேண்டிய இடத்தில் கூட்டல் போட்ட அட்டை கைக்கு வந்தது. வரிசையாகப் படித்தபோதெல்லாம் கண் தாண்டிப் போன தப்பு. ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் இறாலைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்:

"அப்ப அடுத்த தபா நீயே தண்ணில போட்டு எடுத்தாந்துடு."

பூனை

ஊறி உப்பியவற்றுக்குப் பதில் புது அட்டை போட்டுப் புதன்கிழமை கொடுத்தேன். விடை சரியாக வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் மீதி அட்டைகளில் இறால் வாசனை அப்படியே இருந்தது. ஏ.சி. அறை வாசலில் எங்கிருந்தோ வந்த பூனை ஒன்று மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. மிஷின் ஆபரேட்டர் மரியாதையான மனிதர்.

"மேடம், புரோகிராம் ஓடிடுச்சு. பூனைதான் ஓடமாட்டேங்குது."

பரிசு

எண்பதுகளின் நடுவில் டெல்லியில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பட்டயத்தோடு ஊருக்கு வந்தேன். நைனா அதைத் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படி என்ன கண்டுபிடித்தாய் என்று ஆசையாகக் கேட்டார். ஒருவகைக் கணக்கை எந்த மிஷினாலும் சீக்கிரம் போட முடியாது, அதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்தேன் என்றேன். நைனா பட்டயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடியாதுன்னு சொன்னதுக்கா பரிசு? கவர்மெண்டு ஆபீஸ்ல தெனிக்கும் நம்மகிட்ட அதத்தான சொல்லி அனுப்பறாங்க?"

கம்ப்யூட்டர் ஒருநாளும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. அந்தத் தொழிலில் நான் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.