ஒன்பதாவது குழியின் புல்

போன செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஆலையின் டைரக்டர் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டப் பார்த்து, எட்டாவது தடவையாகக் கோட்டை விட்டார். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒன்பதாவதில் புல் இருக்கு சார்” என்றேன்.

காலையிலிருந்து நான் இதைச் சொல்வதும் எட்டாவது தடவைதான்!

திருநெல்வேலிச் சீமையில் கோல்ஃபா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்... எனக்குப் பழகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது எங்கள் ஆலை. காலனிக்குப் பின்னால் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஒன்பது குழி மைதானம். அதற்கு நான் கிளப் செயலாளர். எப்படி ஆனேன்? அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால் ஆக்கிவிட்டார்கள்.

குழியைச் சுற்றி, பந்தை மெதுவாக உருட்டும் இடத்துக்குப் பெயர் ‘கிரீன்’. பச்சைப் புல் இருக்க வேண்டும். எங்கள் வெயிலுக்குப் புல்லாவது, பூண்டாவது! அதனால் மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து மெழுகி வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் ‘பிரவுன்’. பந்து ஓடுவதற்கு முன்னால் தோட்டக்கார மாலி சுடலைமுத்து ஒரு பலகையை இழுத்துப் பாதை போட்டுக் கொடுப்பார். அதில் பந்து நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும்.

அது பிரவுனில் பழகியவனுக்கு. புல்லில் பழகியவருக்கு? டைரக்டர் மெட்ராஸ்காரர். புல்லைத் தாண்ட வேண்டுமே என்ற பழக்கத்தில் கொஞ்சம் ஓங்கித் தட்டுகிறார்... பந்து குழியைத் தாண்டி, மணலைத் தாண்டி, பொட்டல் தரையில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. மழை காணாத ஆவணித் தரை, தார் ரோடு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. தூரத்திலிருந்து அடித்தால் எங்கே விழும், எங்கே எம்பும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. போதாததற்கு அவருடைய வெள்ளை ஷூவெல்லாம் ஆயில்.

இதே நான் இரண்டு வருஷம் முன்னால் பெங்களூரில் புல் மைதானத்தில் ஆடி, நான்கடி தூரத்துப் பந்தை இரண்டடியில் நிறுத்தி, பத்துப் பேர் முன்னால் அசடு வழிந்தேன். ஆட்டத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ஆள் எந்தத் தரையில் பழகினவன் என்று யாராவது கேட்கிறார்களா?

இவர் ஆடவா வந்தார்? மைதானத்தை மூடிவிட்டு நூல் கோடவுன் கட்டலாமா என்று முடிவு செய்ய வந்தார். “ஒரு ரவுண்டு ஆடிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று லெட்டர் போட்டிருந்தார். கிளப் பிழைக்க வேண்டுமென்றால் ஒரு கிரீனாவது கிரீனாக இருக்க வேண்டும் என்று நான்தான் கிளம்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் என் வியாதி.

பெங்களூர் நர்சரிக்கு எழுதி, ‘பெர்முடா’ என்ற உயர்ந்த ஜாதிப் புல்லை வரவழைத்தேன். ஈரச் சாக்கைப் பிரித்ததும் சுடலைமுத்து ஒரு கொடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் வயல் வேலையிலிருந்து எங்களிடம் வந்தவர்.

“சார், இது அருகம்புல்லுல்லா?”

“பெர்முடா, சுடலை.”

“என்ன பேரு வேணும்னாலும் இருக்கட்டும் சார். இதைப் பிடுங்கிப் போடத்தான் நான் இருவது வருசம் கூலிக்குப் போனேன். இப்ப நட்டு வளக்கச் சொல்லுதிய!”

வாய் பேசினாரே தவிர, வளர்த்தார். ஆற்றுத் தண்ணீரை பம்பு வைத்து இழுத்து, காலையும் மாலையும் பாய்ச்சினார். காலனியே காய்ந்து கிடந்தபோது ஒன்பதாவது குழி மட்டும் பச்சைப் பசேல் என்று ஆனது. அருகம்புல் படருகிற பக்கம் பந்தையும் இழுக்கும். மேல்காற்றில் கிழக்கே சாய்ந்து படர்ந்ததால் எந்தப் பந்தும் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கும். நான் ஒரு மாசம் அதில் ஆடிப் பழகி, கணக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றாக அடர்ந்து தெரியட்டும் என்று, கடைசி இரண்டு வாரம் புல்லில் கத்தியே வைக்கக் கூடாது, டைரக்டர் ஆடுகிற அன்று காலையில் வெட்டினால் போதும் என்று சுடலைமுத்துவுக்கு உத்தரவு போட்டேன். முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி. காலையில் பூஜையை முடித்துக்கொண்டு டைரக்டரை அழைத்துவர திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டதும் ஒரே வேண்டுதல்தான்: பிள்ளையாரப்பா, ஒன்பதாவது கிரீனைப் பத்திரமா வச்சிரு!

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எட்டுக் குழி முடிந்து, ஒன்பதாவதின் மேட்டில் ஏறினோம்.

கீழே பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

பச்சைக்கு நடுவே கறுப்பாகத் திட்டுத் திட்டாக... சொறி பிடித்த மாதிரி! புல் கொஞ்சம், ஆயில் மணல் கொஞ்சம். பக்கத்தில் பலகையும் கையுமாக, நல்லபிள்ளை மாதிரி நின்றார் சுடலைமுத்து.

டைரக்டரை முந்திக்கொண்டு ஓடினேன். “என்னவே இது? புல்லு எங்கவே?”

“நேத்து விடியக்காலம் காலனி அம்மாமார் வந்தாவ சார். பிள்ளையாருக்கு மாலை கட்ட அருகம்புல்லு வேணும்னாவ. வேற எங்கன இருக்கு? எல்லாம் கருகிப் போச்சு.”

“வெட்டக் கூடாதுன்னு சொன்னேனே!”

“வெட்டலியே சார். கையாலதான் பறிச்சாவ. சிலது வேரோட வந்துட்டு. சாமிக்குன்னு கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்லுதது? பறிச்ச இடத்துல நம்ம ஆயில் மணலைப் போட்டுப் பைய அமுக்கிட்டேன். பந்து நிக்காது, ஓடிரும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலகையை வாங்கி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது. ஏழு மாச உழைப்பு! அதில் ஒரு பந்து எப்படி ஓடும்? புல்லில் தயங்கும், மணலில் பறக்கும், மறுபடியும் புல்லில் கிழக்கே திரும்பும். என் ஒரு மாசக் கணக்கும் போச்சு.

டைரக்டர் வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலையிலிருந்து பட்ட பாட்டில், கேட்கிற தெம்புகூட அவருக்கு இல்லை. இருபதடி தூரத்திலிருந்து, ஒழிந்து போ என்கிற மாதிரி தட்டினார்.

பந்து புல்லில் ஏறித் தயங்கியது. ஒரு மணல் திட்டில் இறங்கி வேகம் பிடித்தது. தப்பான திசை. சரி, கோடவுன்தான் என்று நினைத்தேன். அடுத்த புல்லில் கிழக்கே ஒதுங்கியது... இன்னொரு மணலில் வழுக்கியது... குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘டொக்’ என்று உள்ளே விழுந்தது!

டைரக்டர் குதித்தார். ஆமாம், அறுபது வயது மனுஷர் ஆயில் ஷூவோடு குதித்தார். சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதுதான் சார் கிரீன்! என்ன ஐடியா! கோடவுனை வேற எங்கேயாவது பார்த்துக்கலாம். ஒண்ணு பண்ணுங்க, மத்த எட்டையும் இதே மாதிரி ஆக்கிடுங்க.”

எனக்கு அழுவதா, சிரிப்பதா? புல்லும் இல்லாமல், மணலும் இல்லாமல், உலகத்தில் எவனும் ஆட முடியாத தரை... அதை இன்னும் எட்டு இடத்தில் நான் உண்டாக்க வேண்டும். மைதானம் பிழைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். “இந்தக் காலனிப் பொம்பளைகளுக்கு அறிவு இருக்கா? யாரு முதல்ல புல்லைப் பறிக்கப் போனதுன்னு தெரிஞ்சாகணும்!”

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னத்துக்கு இப்படிக் கத்துதிய? நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். இவ்வளவு இளசா அருகம்புல்லு கடைத்தெருவுல கிடைக்குமா?”

நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

“அப்போ அடுத்த வருசம் ஒம்பது குழியிலயும் பறிக்கலாம், இல்லியா?”

பூஜை அறைப் பக்கம் திரும்பினேன். களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்து தொந்தி வரை அருகம்புல் மாலை, இன்னும் வாடாமல்.

பத்திரமா வச்சிரு என்று நான்தானே கேட்டேன்... வைத்திருக்கிறார்!