ஆளுயரத் தறியில் ஏறிய எலி

பரசுராமன் வாயைத் திறந்தால் போதும், ஜனம் சிரித்துவிடும். அதற்காக அவன் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சித்தப்பா செத்துப்போன சேதி சொல்ல ஒரு வீட்டுக்குப் போனபோது, அங்கே திண்டாடித் திண்டாடிச் சிரிப்பை அடக்கி, கடைசியில் முடியாமல் மோர் கொடுத்துச் சிரித்தார்கள். மாகறலில் பிறந்து, வாலிபம் முழுக்கத் தெருக்கூத்தில் கட்டியக்காரனாகக் குதித்தவன். ராஜா அழும்போதும் ராணி அழும்போதும் நடுவில் புகுந்து கோமாளித்தனம் பண்ணுவதுதான் கட்டியக்காரன் வேலை. கூத்தை விட்டு வந்த பிறகும் அந்த முகமும் கீச்சுக் குரலும் அவனோடேயே வந்துவிட்டன, பாவம்.

காஞ்சிபுரத்தில் ராஜகோபால் நாயுடு என்பவர் கூடாரம் அடித்துப் படம் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் படங்கள் பேசாது. வெள்ளைக்காரன் திரையில் வாயை வாயை அசைப்பான். என்ன சொல்கிறான் என்று அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்ல வேண்டும். அந்த ஆள்தான் பரசுராமன். சண்டைப் படமானாலும் சிரிப்புப் படமானாலும் அவன் சொன்னால் கொட்டகை இரண்டுபடும். நாயுடு பேய்ப் படம் ஒன்றைத் தருவிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

நாயுடு சும்மா தருவிக்கவில்லை. தமுக்கு அடித்து நோட்டீஸ் விட்டார். ‘நெஞ்சுரம் இல்லாதவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்’ என்று கொட்டை எழுத்து. மயங்கி விழுகிறவர்களுக்கு மூக்கில் காட்ட மருந்து பாட்டிலோடு ஒரு கம்பவுண்டரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். கம்பவுண்டர் முதல் ஆட்டத்திலேயே தூங்கிவிட்டார். அவருக்கு அத்தனை வேலை.

நாயுடு ஆள் தெரியாமல் மோதிவிட்டார், அவ்வளவுதான். அந்த ஊர்ப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களையா பயமுறுத்துவது? மாசி மாசம் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் போட்டவன் வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓடி வருவான். இவர்கள் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றபடி பார்ப்பார்கள். அவர்களிடம் போய், வெள்ளை கவுன் போட்ட ஒரு துரைசானிப் பேய் மெழுகுவர்த்தியோடு மாடிப்படி இறங்கி வருவதைக் காட்டினால்?

“ஏம்மா, குளிருல இப்பிடி நடந்துக்கினு இருந்தா சளி புடிக்காதா?” என்று தரையில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அது சபாபதி. நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்த மனுஷர். கொட்டகை வந்த நாளிலிருந்து ஒரு படம் விட்டதில்லை. பாம்பு, பூதம், எலும்புக்கூடு எதைக் காட்டினாலும் அவர் ஒரு வார்த்தை சொல்வார், கொட்டகை விழுந்து விழுந்து சிரிக்கும். படத்தில் பேய் ஒரு பாழடைந்த அறைக்குள் நுழைந்தது. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு மரச்சட்டம், மேலிருந்து கீழாகக் கம்பி கம்பியாக இழுத்துக் கட்டியிருந்தது. அது ஏதோ வாத்தியம் என்று நாயுடு சொல்லியிருந்தார். பரசுராமனும் நடுங்குகிற குரலில், “ஐயோ, நடுநிசியில் பேய் வாத்தியம் வாசிக்கிறதே!” என்றான்.

“வாத்தியமா? எங்க வூட்டுத் தறியை எவனோ நிமித்தி வெச்சிருக்கறாம்பா!” என்றார் சபாபதி. அதோடு பேய் ஒழிந்தது. அந்தச் சட்டத்தில் ஓர் எலி ஏறியதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாளும் இதே கதை. ஆட்டம் முடிந்ததும் நாயுடு பரசுராமனைக் கூப்பிட்டார். “ஏமய்யா, பேய் வந்தா ஜனம் அலறணும். நீ பேசினா பேய்க்கே சிரிப்பு வருது. நாளைக்கும் இப்பிடின்னா நீ மாகறலுக்கே போயிடு. நான் கிராமபோன் வெச்சுக்கறேன்.”

வேலை போவது பெரிய விஷயம்தான். ஆனால் பரசுராமனுக்கு உள்ளே குத்தியது வேறு. ஒரே ஒரு தடவை, தன் பேச்சைக் கேட்டு ஒரு மனுஷனாவது சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று அவனுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

மறுநாள் காலையில் வெட்கத்தை விட்டு சபாபதி வீட்டுக்கே போனான். அவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தையல்நாயகி பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இன்னிக்கு ஒரே ஒரு தடவை அலறிடு. நீ அலறினா எல்லாரும் அலறுவாங்க.”

“வராத அலறலுக்கு நான் எங்கபா போவேன்? கல்யாணத்துல அழற பொண்ணு மாதிரி எனக்கு நடிக்கத் தெரியாது” என்றார் சபாபதி.

“பேயப் பாத்து பயமே இல்லியா?”

“செத்தவங்க நம்மள என்னா பண்ணப் போறாங்க? உசுரோட இருக்கறவன்தான்…”

பேச்சு பாதியில் நின்றது. சபாபதியின் முகம் வெளுத்துவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். “எலி! எலி! தையலு, பாவு மேல எலி!”

தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த அந்தப் பட்டு இழைகள், அதுதான் பாவு, அவர்கள் மகள் கல்யாணப் புடவைக்கானது. பாவுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஒரு கொறி கொறித்தால் இழை இழையாக அறுந்து தொங்கும். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதற்குள் கண் போய்விடும். தையல்நாயகி துடைப்பத்தோடு பாய்ந்தாள். அக்கம்பக்கத்தில் தறி அத்தனையும் நின்றது. பூதத்துக்குச் சிரித்த மனுஷர் தறிக்குழியில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி கையை உதறினார். எலி ஓட்டு இடுக்கில் புகுந்து தப்பிவிட்டது. இழை ஒன்றும் அறுபடவில்லை.

பரசுராமன் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கொட்டகைக்கு ஒரே ஓட்டமாக ஓடினான்.

அன்று சாயங்கால ஆட்டத்தில் அவன் பேயைப் பற்றிப் பேசவே இல்லை. “இந்த வீட்டுல ஒரு பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம்” என்று ஆரம்பித்தான். “முகூர்த்தப் புடவை இன்னும் தறியிலதான் இருக்குது. அந்த ஊர்ல தறி நிமிர்ந்துதான் நிக்கும். அதோ பாருங்க பாவு! விடிஞ்சா அறுத்து எடுக்கணும்.”

சபாபதி எப்போதும்போல வாயைத் திறந்தார். ஆனால் கண் அந்தச் சட்டத்தின் மேல் நின்றுவிட்டது. இழை எத்தனை நெருக்கம் என்று பார்க்கிறார்! பக்கத்திலிருந்தவரும் பார்த்தார்.

“வீட்டுல எல்லாரும் தூங்கறாங்க. பாவுல போட்ட கஞ்சி அப்படியே இருக்குது. வாசனை வருது. வாசனைக்கு… அதோ, கீழ பாருங்க.”

திரையில் எலி தலையை நீட்டியது.

அத்தனை வாயிலும் வேர்க்கடலை பாதியில் நின்றது. எலி சட்டத்தில் கால் வைத்தது. மோந்து பார்த்தது. ஏறியது. “பல்லு வெச்சிருச்சு” என்றான் பரசுராமன், மெதுவாக.

அப்புறம் கிளம்பியது ஓர் அலறல். நாயுடு நோட்டீஸில் கேட்டதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. “அடிடா, அடிடா அத!” என்று சபாபதி எழுந்து நின்று கத்தினார். பின்னாலிருந்து ஒருத்தி, “ஐயோ, நான் எங்கூட்டுத் தறிய மூடாம வந்துட்டேனே!” என்றாள். அவ்வளவுதான். எல்லாருக்கும் அவரவர் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. செருப்பை விட்டு, தூக்குச்சட்டியை விட்டு, ஒரு வீட்டார் பாட்டியையே விட்டு ஓடினார்கள். மருந்து பாட்டிலோடு கம்பவுண்டரும் ஓடினார். அவர் மாமியார் வீட்டில் இரண்டு தறி.

சுருள் காலிக் கொட்டகையில் ஓடி முடிந்தது. திரை வெறும் வெள்ளையாக நின்றது. நாயுடுவுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தன. “பயமுறுத்தச் சொன்னா ஊரையே தொரத்திட்டியே ஐயா!”

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆளரவம். இரைக்க இரைக்க ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சபாபதி முன்னால் வந்து நின்றார், பின்னால் தையல்நாயகி.

“எங்க பாவு நல்லாத்தான் இருக்குது. அது என்னாச்சு?”

“எது?”

“அந்தப் பொண்ணோட பொடவப்பா! முகூர்த்தம் விடிஞ்சா இருக்குதே!”

நாயுடு பரசுராமன் காதில் கிசுகிசுத்தார்: “போச்சுன்னு சொல்லு. எலி மொத்தமும் கடிச்சிருச்சு, பொண்ணு கிணத்துல விழுந்துட்டான்னு சொல்லு. நாளைக்கு ஜில்லாவே வரும்.”

பரசுராமன் நிமிர்ந்து பார்த்தான். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினான்? ஆனால் தையல்நாயகி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தபோது அவனுக்கு அது இனிக்கவில்லை. பெற்றவள் அவள். மகளுக்குப் புடவை தறியில் இருக்கிறது. அவள் இன்று ராத்திரி எப்படித் தூங்குவாள்?

“உட்காருங்க, சொல்றேன்” என்றான். எல்லாரும் மணலில் உட்கார்ந்தார்கள். படம் இல்லை, வெறும் திரை. அதன் முன்னால் நின்று சொன்னான்.

“மெழுகுவத்தியோட ஒரு அம்மா வந்தாங்களே, அவங்க யாருன்னு நெனச்சீங்க? அந்த வீட்டுப் பூவாடைக்காரி.”

பூவாடைக்காரி யாரென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பூவோடும் பொட்டோடும் செத்துப்போன வீட்டுப் பெண். கல்யாணம் காட்சி என்றால் முதல் புடவையை அவளுக்கு வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

“பொண்ணோட அம்மாதான் அது. சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க. பொண்ணுக்குக் கல்யாணமாச்சே, பாவைப் பாத்துக்க ஆள் இல்லியேன்னு ராத்திரி ராத்திரி வெளக்கு எடுத்துக்கினு வராங்க. எலிய வெரட்டுனது அவங்கதான். பல்லு வெச்சது, ஆனா ஒரு இழைகூட அறுபடல.”

தையல்நாயகி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் அந்தம்மாவைப் பாத்து சளி புடிக்கும்னு சிரிச்சேனேபா” என்றார் சபாபதி.

அடுத்த நாள் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. தையல்நாயகி மஞ்சள், பூ, ஒரு புதுச் சேலை எல்லாம் தட்டில் கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்தாள். யாரோ கற்பூரம் ஏற்ற, படச்சுருள் பற்றிக்கொள்ளும் என்று நாயுடு தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து ஊதி அணைத்தார். துரைசானி மெழுகுவர்த்தியோடு படியிறங்கி வந்ததும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பயம் மருந்துக்குக்கூட இல்லை.

பரசுராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு கீச்சுக் குரலில் ஆரம்பித்தான். முசரவாக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் ஆள் பின்வரிசையில் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான்.

முன்வரிசையிலிருந்து சபாபதி எழுந்தார். திரும்பி நின்றார். “எவன்டா அது சிரிக்கறது? அவுரு சொல்றாரில்ல? வாய மூடிக்கினு கேளு.”

பரசுராமன் கதையை நிறுத்திவிட்டு சபாபதியையே பார்த்துக்கொண்டு நின்றான். கொட்டகை முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நாயுடு படம் சுற்றும் கைப்பிடியை மெள்ள மெள்ளச் சுற்றினார். துரைசானி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு, அவன் பேச வரும்வரைக்கும், நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.